நல்ல தண்ணீர் என்று ஒன்று

தமிழில் தண்ணீருக்கு இரண்டே சாதிதான். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். தெருவில் பைப் வந்ததும் குடத்தோடு ஓடுகிறவர்கள் முதலில் கேட்பது "நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்பதுதான். பருப்பு வேகுமா, சோப்பு நுரைக்குமா, நாக்கில் வைத்தால் இனிக்குமா: இந்த மூன்று பரீட்சையில் தேறினால் நல்ல தண்ணீர். தேறாவிட்டால் பாத்திரம் கழுவ, மாடு குளிப்பாட்ட.

காஞ்சிபுரத்தில் இந்தப் பரீட்சைக்கு நான்காவதாக ஒன்றும் உண்டு. பட்டு மினுமினுக்குமா? கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து, அதன் மேலிருக்கும் பிசினை எடுத்தால்தான் நூல் வெளுத்து மெதுவாகும், சாயம் ஒரே சீராக ஏறும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகப் பிரிந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் சாயப்பட்டறைக்காரர்கள் தண்ணீர் விஷயத்தில் சமையற்காரர்களைவிடக் கறாரானவர்கள். காஞ்சிப் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் சொல்லாத ஆள் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த மூன்று பரீட்சையிலும், நான்காவதிலும்கூட, முதல் மதிப்பெண் வாங்கிவிட்டு மனிதர்களின் முதுகெலும்பை முடக்கிய ஒரு தண்ணீரைப் பற்றியது. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு கல். கால்சியம் ஃப்ளோரைடு என்று வேதியியலிலும், ஃப்ளோரைட் அல்லது ஃப்ளோர்ஸ்பார் என்று சுரங்கத்திலும் அதற்குப் பெயர்.

உருகவைக்கும் கல்

ஃப்ளோரைட் பார்க்க அழகான கல். ஊதா, பச்சை, மஞ்சள், நிறமே இல்லாதது என்று பல விதமாகக் கிடைக்கும். பெரும்பாலும் கனசதுரப் படிகங்கள். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 4ஆம் எண்ணுக்கு உதாரணமாக வைக்கப்பட்டிருப்பதே இந்தக் கல்தான். கத்தியால் கீறிவிடலாம். நகைக்கு ஆகாது. நீரைப்போல் 3.18 மடங்கு அடர்த்தி. உருக 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும்.

ஆனால் தாது உருக்கும் உலையில் இதைக் கொஞ்சம் போட்டால், கசடு சீக்கிரமே இளகி ஓடத் தொடங்கும். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஜார்ஜ் அக்ரிகோலா 1530இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கற்களுக்கு 'ஓடுதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். அந்த வேரிலிருந்துதான் ஃப்ளோரைட், ஃப்ளோரின், ஃப்ளோரைடு எல்லாம் வந்தன. இன்றும் எஃகு ஆலைகளில் இந்தக் கல்லுக்கு அதே வேலைதான். வெல்டிங் குச்சியின் மேல்பூச்சிலும் இது உண்டு.

இன்னொரு சொல்லையும் இந்தக் கல் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறது. சில ஃப்ளோரைட் கற்கள் புறஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். 1852இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அந்த நிகழ்வுக்கு இந்தக் கல்லின் பெயரிலிருந்தே ஃப்ளோரசன்ஸ் என்று பெயர் வைத்தார். நம் வீட்டு டியூப்லைட்டின் பெயர் இந்தக் கல்லிடம் கடன் வாங்கியது.

கல்லுக்குள் இருப்பவரைத் தனியே பிரித்தெடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. 1771இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே இந்தக் கல்லைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கி, கண்ணாடியையே அரிக்கும் ஓர் அமிலத்தை எடுத்தார். ஹைட்ரஜன் ஃப்ளோரைடு. அதிலிருந்து ஃப்ளோரின் என்ற தனிமத்தைப் பிரிக்க முயன்ற வேதியியலாளர்களில் சிலர் செத்துப்போனார்கள், பலர் உடல்நலம் கெட்டார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து, 1886 ஜூன் 26 அன்று, பாரிஸில் ஆன்றி முவாசான் அதைப் பிரித்தெடுத்தார். 1906இல் அவருக்கு நோபல் பரிசு. அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

ஃப்ளோரினுக்கு எலக்ட்ரான் பசி அதிகம். தனிமங்களிலேயே அதிகம். அதனால் அது தனியாக இருக்காது. யாரையாவது பிடித்துக்கொள்ளும். அது இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறவர்களில் கால்சியம் முக்கியமானவர். கால்சியத்தோடு சேர்ந்துவிட்டால் சாதுவான கல். கால்சியத்தை விட்டுப் பிரிந்தால்தான் வம்பு. மீதிக் கதை முழுக்க இந்த ஒரு வரியின் விரிவுதான்.

கண்ணாடிக்குக் கண்ணாடி

முதலில் சாதுவான பக்கத்தைப் பார்த்துவிடலாம். ஃப்ளோரைட்டின் ஒளிவிலகல் எண் 1.43. சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைவு. வெவ்வேறு நிறங்களை அது வளைக்கும் அளவில் வித்தியாசம் மிகவும் கம்மி. லென்ஸ் செய்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். நுண்ணோக்கியில் பார்க்கும்போது உருவத்தின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக வரும் கோட்டை ஒழிக்க, எர்ன்ஸ்ட் ஆபே 1880களில் ஸைஸ் நிறுவனத்தில் இயற்கை ஃப்ளோரைட் படிகங்களைப் பயன்படுத்தினார். நல்ல படிகத்துக்காக ஸ்விட்சர்லாந்து மலை வரை தேடிப் போனார். இயற்கையில் பெரிய, குறையில்லாத படிகம் அபூர்வம். பிறகு உலையில் செயற்கையாக வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். 1969இல் கேனான் நிறுவனம் செயற்கை ஃப்ளோரைட் வைத்த தொலைதூரக் கேமரா லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

என் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. நான் எழுதும் மென்பொருள் ஓடுகிற சில்லில் கோடு வரைவது ஒளி. கோடு மெல்லிசாக வேண்டுமென்றால் ஒளியின் அலைநீளம் குறைய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒளியை விட்டு, புறஊதாவுக்குப் போய், அதிலும் ஆழமாக 193 நானோமீட்டருக்குப் போனார்கள். அங்கே தீவிரமான லேசர் ஒளி ஓயாமல் பட்டால் குவார்ட்ஸ் கண்ணாடியே மெல்ல மெல்லச் சேதமாகும். ஃப்ளோரைட் தாங்கும். அதனால் அந்த இயந்திரங்களின் ஒளிப்பாதையில் சில இடங்களில் ஃப்ளோரைட் உட்கார்ந்தது.

அடுத்து 157 நானோமீட்டருக்குப் போகலாம் என்று திட்டம் போட்டார்கள். அங்கே சாதாரணக் குவார்ட்ஸ் கண்ணாடி வழியே ஒளி போகாது, ஃப்ளோரைட்தான் கதி. 2001இல் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி ஆய்வகத்தில் ஜான் பர்னெட் ஒரு குண்டைப் போட்டார். கனசதுரப் படிகம் எல்லாத் திசையிலும் ஒளியை ஒரே மாதிரிதான் நடத்தும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சிறிய அலைநீளத்தில் அப்படி இல்லை, திசைக்குத் திசை சின்ன வித்தியாசம் இருக்கிறது, சில்லின் கோடு கலங்கிப்போக அது போதும் என்று அவர் அளந்து காட்டினார். சரிசெய்ய வழி இருந்தாலும் செலவும் சிக்கலும் ஏறின. லென்ஸுக்கும் சில்லுக்கும் நடுவே தண்ணீரை ஊற்றி அதே 193இல் வேலையை முடித்துக்கொள்ளும் யோசனை ஜெயித்தது. 157 திட்டம் கைவிடப்பட்டது. கல் தோற்ற இடத்தில் தண்ணீர் வென்றது.

கடலூரில் கல் பிரிகிறது

வம்பான பக்கம் தொழிற்சாலையில் தொடங்குகிறது. ஷீலே செய்ததையேதான் இன்றும் பெரிய அளவில் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அது கடலூர் சிப்காட் வளாகத்தில் நடக்கிறது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பங்கோடு வந்த டான்ஃபாக் நிறுவனம் அங்கே ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் அலுமினியம் ஃப்ளோரைடும் தயாரிக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி 78 கிலோ ஃப்ளோரைட்டோடு 98 கிலோ கந்தக அமிலம் சேர்ந்தால் 40 கிலோ ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கிடைக்கும். மீதி 136 கிலோ கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சத்தின் உறவினர். கந்தக அமிலம் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. ஃப்ளோரின் வெளியே வருகிறது.

வெளியே வந்தது எங்கெங்கோ போகிறது. அலுமினிய உலைக்கு, ஏசியில் ஓடும் குளிர்வாயுவுக்கு, தோசை ஒட்டாத கல்லின் பூச்சுக்கு, மருந்துகளுக்கு, சில்லின் மேலுள்ள கண்ணாடிப் படலத்தை அரிக்கும் தொட்டிக்கு. இந்தியாவிலும் ஃப்ளோரைட் உண்டு. குஜராத்தின் அம்பாடோங்கரில் எரிமலைக் குழம்பிலிருந்து வந்த கார்பனடைட் பாறையைச் சுற்றி இருக்கும் படிவம்தான் பெயர்பெற்றது. ஆனாலும் தேவையில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது.

இந்த அமிலம் தோலில் பட்டால் சாதாரண அமிலம் மாதிரி மேலே சுட்டுவிட்டு நிற்காது. உள்ளே இறங்கி ரத்தத்திலும் திசுவிலும் இருக்கிற கால்சியத்தைத் தேடிப் பிடிக்கும். கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இதற்கான முதலுதவி என்ன தெரியுமா? கால்சியம் குளுக்கோனேட் களிம்பு. பிரிந்துபோன ஜோடியை மறுபடி சேர்த்துவைப்பதுதான் வைத்தியம். உடம்புக்கு வெளியிலிருந்தே கால்சியத்தைக் கொடுத்து, ஃப்ளோரைடை மறுபடி கல்லாக்கிவிடுவது. சில்லுத் தொழிற்சாலைக் கழிவுநீரிலும் இதே உத்திதான். சுண்ணாம்பைக் கொட்டுவார்கள். வெள்ளை வண்டலாக அடியில் படிவது கால்சியம் ஃப்ளோரைடு.

கிண்டியிலிருந்து நெல்லூருக்கு

தொழிற்சாலையே இல்லாத ஊரிலும் ஃப்ளோரைடு கால்சியத்தை விட்டுப் பிரியும் என்பது 1930களில்தான் தெரிய ஆரம்பித்தது.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901இல் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் ஃப்ரெடெரிக் மக்கே, ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தார். காரணம் தண்ணீரில் இருக்கிறது என்று ஊகித்தார், என்னவென்று பிடிபடவில்லை. முப்பதாண்டு கழித்து விடை வந்த இடம்தான் வேடிக்கை. 1931இல் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில், அந்த மாதிரி ஊர்களின் தண்ணீரை அலசி, ஃப்ளோரைடு அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தார். அலுமினியப் பாத்திரத்தின் மேல் பழி விழுந்துவிடுமோ என்ற கவலை அந்த நிறுவனத்துக்கு இருந்தது.

அங்கே பல் கறை. இங்கே சென்னை மாகாணத்தில் அது எலும்பு வரை போயிருந்தது. முதலில் கவனத்துக்கு வந்தவை மாடுகள். 1930களின் நடுவில், மாகாணத்துக் கால்நடைகளின் ஃப்ளோரைடு நோய் பற்றிக் கால்நடை மருத்துவத் துறையிலிருந்து குறிப்பு வந்துவிட்டது. மாடு கால் விறைத்து நடக்க முடியாமல் போனால் உழவு நின்றுவிடும், அரசாங்கத்துக்கு வரி நின்றுவிடும். மனிதர்கள் குனிய முடியாமல் போனதை எல்லோரும் வயோதிகம் என்றோ வாதம் என்றோ விதி என்றோ எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

1937இல் அந்த வாதத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் இயக்குநர் ஹென்றி எட்வர்ட் ஷார்ட், மருத்துவர்கள் ஜி. ஆர். மக்ராபர்ட், ஏ. எஸ். மன்னாடி நாயர், எக்ஸ்ரே நிபுணர் டி. டபிள்யூ. பர்னார்ட் ஆகியோர் சேர்ந்து சென்னை மாகாணத்தில் வட்டார நோயாக இருக்கும் ஃப்ளோரோசிஸ் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஷார்ட்டும், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி இருவரும் சேர்ந்து நெல்லூர் மாவட்டத்துக் கிணறுகளைப் பற்றித் தனியாக எழுதினார்கள். ஆலைப்புகையோ சுரங்கத் தூசியோ இல்லாமல், கிணற்றுத் தண்ணீர் குடித்ததாலேயே மனிதர்களின் எலும்பு இப்படி ஆகிறது என்று உலகத்துக்கு விரிவாகச் சொன்ன முதல் வேலைகளில் இது ஒன்று. அதற்கு முன்னால், 1932இல், கோபன்ஹேகனில் கிரையோலைட் என்ற ஃப்ளோரின் கனிமத்தை அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் இதைப் பார்த்திருந்தார்கள். நெல்லூரில் ஆலை இல்லை. கிணறுதான் ஆலை.

இவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷார்ட் பின்னாளில் கார்ன்ஹாமோடு சேர்ந்து மலேரியா கிருமி கல்லீரலில் பதுங்கும் கட்டத்தைக் கண்டுபிடித்தார். பர்னார்ட் பெயரில்தான் சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவு இன்றும் இருக்கிறது. பண்டிட் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனார். சாதாரண ஆட்கள் இல்லை. இவர்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயில் தெரிந்தது இதுதான். எலும்பு வழக்கத்தைவிட வெள்ளையாக, அடர்த்தியாக இருக்கும். முதுகெலும்பின் கண்ணிகளை இணைக்கும் தசைநார்களில் சுண்ணாம்பு ஏறி, கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். முதுகு ஒரே தடியாகிவிடும். திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பு மொத்தமும் திரும்ப வேண்டும். முற்றினால் தண்டுவடம் நசுங்கிக் கால் செயலிழக்கும். உடம்பில் தங்கும் ஃப்ளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் போய் உட்காரும். அங்கேதானே கால்சியம் இருக்கிறது? கல்லில் விட்டுவந்த துணையை அது எலும்பில் தேடிக்கொள்கிறது.

ஏன் நல்ல தண்ணீர்?

சரி, கல்லிலேயே சாதுவாகக் கிடந்தது தண்ணீரில் எப்படி வந்தது? கருங்கல் வகைப் பாறைகளில் ஃப்ளோரைட் மட்டும் இல்லை. அபடைட், கருப்பு அபிரகம் போன்ற கனிமங்களிலும் ஃப்ளோரின் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். எவ்வளவு கரையலாம் என்ற உச்சவரம்பைப் போடுவது கால்சியம் ஃப்ளோரைடின் கரைதிறன்.

சுத்தமான தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம் ஃப்ளோரைட்டைக் கரைக்கும். உப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அதில் ஃப்ளோரைடு மட்டும் சுமார் 8 மில்லிகிராம். இந்தியத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் போதும் என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்கிறது. கரையவே கரையாத கல் என்று நாம் நினைப்பது, உடம்பின் கணக்கில் ஐந்து மடங்கு அதிகம் கரைகிறது.

இப்போது தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் இருந்தால் என்ன ஆகும்? கரைசலில் கால்சியமும் ஃப்ளோரைடும் சேர்ந்து ஓர் அளவுக்கு மேல் இருக்க முடியாது. மீறினால் இரண்டும் கைகோர்த்துக் கல்லாகிப் படிந்துவிடும். பிளஸ் டூ வேதியியலில் பொது அயனி விளைவு என்று படித்தது இதைத்தான். ஏட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டரில் கால்சியம் 100 மில்லிகிராம் இருக்கிற, நாக்கு கரிக்கிற, சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீரில் ஃப்ளோரைடு 2 மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டியதுமே தடை விழும். கால்சியம் வெறும் 4 மில்லிகிராம் இருக்கிற மென்மையான தண்ணீரில் அது 11 வரை போகலாம்.

கருங்கல் பூமியின் ஆழத்தில் நடப்பது இதுதான். தண்ணீரில் சோடா, அதாவது பைகார்பனேட், ஏறும்போது கால்சியம் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்து விலகிவிடுகிறது. தண்ணீர் மென்மையாகிறது. காவல்காரன் போய்விட்டான். ஃப்ளோரைடு தாராளமாக உள்ளே வருகிறது. இப்படி வரும் தண்ணீரில் பருப்பு வேகும். சோப்பு நுரைக்கும். நாக்குக்கு உறுத்தாது. ஃப்ளோரைடுக்கு நிறமோ வாசனையோ சுவையோ கிடையாது. காய்ச்சினாலும் போகாது, ஆவி போகப் போக மீதியில் கொஞ்சம் அடர்த்தியாகும். பரம்பரையாக நாம் நம்பிய பரீட்சை எல்லாவற்றிலும் அது தேறிவிடும். உப்புக் கிணற்றை ஒதுக்கி, நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தேடி இரண்டு மைல் நடந்து போய் எடுத்து வந்தவர்கள், சில ஊர்களில், அக்கறையோடு நோயைத் தலையில் சுமந்து வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்.

நாக்கைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. உவர்ப்பு, சேறு என்று எத்தனையோ விஷயத்தில் நம் முன்னோரின் ருசிப் பழக்கம் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. திறந்த கிணறும் ஏரியும் ஆற்று மணலும் குடிநீர் கொடுத்த வரை அந்தப் பரீட்சை பெரும்பாலும் போதுமானதாகவும் இருந்திருக்கும். மழையில் வந்து சில மாதமோ சில வருடமோ மணலில் தங்கிய தண்ணீருக்குப் பாறையோடு பேச நேரம் கம்மி.

ஓரிக்கையைச் சொல்லியாக வேண்டிய இடம் இது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரை ஊர். பல்லவ ராஜா கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னதால், அவர் குருவான திருமழிசையாழ்வாரும் கிளம்ப, ஆழ்வார் கேட்டுக்கொண்டபடி பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார் என்பது கதை. மூவரும் அன்றிரவு தங்கிய இடம் 'ஓர் இரவு இருக்கை', அது மருவி ஓரிக்கை. மறுநாள் ராஜா மன்னிப்புக் கேட்க, எல்லோரும் திரும்பினார்கள். ஆற்று மணலில் தண்ணீரும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஓரிரவு இருக்கை. வரும், தங்கும், போகும். கருங்கல் இடுக்கில் எழுநூறு, எண்ணூறு அடியில் கிடக்கும் தண்ணீர் வேறு ரகம். அது குடியே இருந்துவிட்டது, குடியிருந்த வீட்டின் குணமெல்லாம் அதில் ஏறியிருக்கும்.

பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் தெரிகிறது. அந்த மணலும் எத்தனையோ லாரியில் ஏறிப்போய்விட்டது. மணல் குறைந்தால் ஓரிரவு தங்கவும் இடமில்லை. தெருவுக்குத் தெரு போர் போடுகிறார்கள். முன்னூறு அடியில் வராவிட்டால் ஐந்நூறு. ஒவ்வொரு நூறு அடிக்கும் நாம் வேறொரு தண்ணீருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், பழைய நாக்கோடு.

தர்மபுரி வரை ஒரு குழாய்

நெல்லூரின் பாதிக்கப்பட்ட பகுதிகள் 1953இல் ஆந்திராவுக்குப் போயின. 1970இல் அவற்றில் பல பிரகாசம் மாவட்டமாயின. ஆய்வகம் கிண்டியில் நின்றது. பிறகு நலகொண்டாவில் நோய் பெரிதாக வெளிப்பட்டது. 1973இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும், ஃப்ளோரைடு வட்டாரத்து இளைஞர்களுக்கு முட்டி உள்பக்கம் வளைந்து இடித்துக்கொள்வதைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். போதிய சாப்பாடு, கால்சியம், இல்லாத உடம்பில் ஃப்ளோரைடு இன்னும் கொடூரமாக நடந்துகொள்கிறது. பண்டிட்டும் ராகவாச்சாரியும் 1940லேயே உணவுக்கும் நோயின் தீவிரத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடியிருந்தார்கள். ஒரே கிணறு, ஒரே தண்ணீர். பாலும் கீரையும் சாப்பிட முடிந்த வீட்டைவிட, வெயிலில் நாள் முழுக்க வேலை செய்து நாலைந்து லிட்டர் குடிக்கிற, கஞ்சி மட்டும் சாப்பிடுகிற வீட்டில் அது அதிகம் வலிக்கும்.

நாக்பூரின் நீரி நிறுவனம் 1970களில் நலகொண்டா முறை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் அளவாகப் போட்டுக் கலக்கி, தெளியவைத்து, வடிகட்டுவது. சுண்ணாம்பு மட்டும் போதாதா? போதாது. காரணம் அதே கரைதிறன்தான். கால்சியத்தைக் கொட்டிக் கொட்டிக் கல்லாக்கினாலும் கடைசியில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரைசலிலேயே நின்றுவிடும். ஆலைக்கழிவுக்கு அது பெரிய வெற்றி, குடிநீருக்குத் தோல்வி. மிச்சத்தைப் படிகாரத்திலிருந்து வரும் அலுமினியப் பஞ்சுதான் இழுத்துக்கொள்ள வேண்டும். படிகாரத்தின் அளவு ஒவ்வொரு தண்ணீருக்கும் மாறும், தினமும் ஒருவர் கவனிக்க வேண்டும், கசடை எங்கேயாவது கொட்ட வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது ஒரு நாள் வேலை மாதிரி, நடத்துவது வாழ்நாள் வேலை. மென்பொருளிலும் இதே கதைதான், திறப்புவிழாவுக்கு வருகிறவர்கள் பராமரிப்புக்கு வருவதில்லை.

தமிழ்நாட்டில் நோய் அழுத்தமாக இருந்தது தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கருங்கல் பூமியில். அங்கே அரசு கடைசியில் எடுத்த முடிவு தண்ணீரையே மாற்றுவது. பாறைத் தண்ணீரை விட்டுவிட்டு காவிரியைக் குழாயில் கொண்டுவருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்று அதன் பெயரிலேயே நோய் இருக்கிறது. 2008இல் அடிக்கல். ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2013இல் திறப்பு. நடுவில் கர்நாடகத்தின் எதிர்ப்பு, இரண்டு மாநில அரசியல், திரைப்படக்காரர்களின் உண்ணாவிரதம் எல்லாம் நடந்தன. பேச்சு முழுக்கக் காவிரி யாருக்கு என்பதைப் பற்றியே இருந்தது. குனிய முடியாத முதுகைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம்.

1937க்கும் 2013க்கும் நடுவே 76 ஆண்டுகள். நெல்லூரும் தர்மபுரியும் வேறு வேறு மாவட்டம்தான், ஒன்றுக்கு எழுதிய கட்டுரை மற்றதற்கு உத்தரவாகாது. ஆனால் இரண்டும் அன்று ஒரே மாகாணம், ஒரே விதமான பாறைப் பூமி, கரைதிறன் விதி இரண்டுக்கும் ஒன்று. இந்தியா ஃப்ளோரோசிஸ் தடுப்புக்கென்று தேசியத் திட்டம் தொடங்கியதும் 2008–09 ஆண்டில்தான். அம்மைக்கும் காலராவுக்கும் ஓடியவர்கள் இதற்கு ஏன் நடந்தே வந்தார்கள்? இது தொற்றாது. வெள்ளைக்காரர் பங்களாவுக்கும் பரவாது, நகரத்துக்கும் பரவாது. ஆளைக் கொல்லாது, முடக்கும். பத்திருபது வருஷம் எடுத்துக்கொண்டு, தேர்தலும் பட்ஜெட்டும் பார்க்காத வேகத்தில் வரும். அந்த வேகத்தில் வரும் துன்பத்தை நாம் வயதென்று சொல்லிவிடுகிறோம்.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் நேர்மாறான கதை ஓடியது. 1945 ஜனவரியில் அமெரிக்காவின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் பல் சொத்தையைக் குறைக்கக் குடிநீரில் ஃப்ளோரைடைச் சேர்க்க ஆரம்பித்தது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில். பல் சொத்தை குறைந்தது. நம் பற்பசை டியூபில் இருக்கும் ஃப்ளோரைடும் அந்த வழி வந்ததே. பல் துலக்கியதும் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் கால்சியம் ஃப்ளோரைடு படிந்து, சேமிப்புக் கிடங்கு மாதிரி நின்று பல்லைக் காக்கிறது. ஒரு மில்லிகிராமில் மருந்து, நாலு மில்லிகிராமில் முதுகு. பொதுவாக "ஃப்ளோரைடு நல்லதா கெட்டதா?" என்று கேட்டால் பதிலே கிடையாது. எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை அடி, ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு என்று கேட்க வேண்டும்.

அளந்து பார்த்தல்

ஆர்ஓ இயந்திரம் ஃப்ளோரைடை எடுத்துவிடும், உண்மைதான். கூடவே கால்சியத்தையும் எடுத்துவிடும், ஒரு பங்குத் தண்ணீரைக் கழிவாகத் தள்ளும், அந்தக் கழிவில் ஃப்ளோரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும். வாங்க முடிந்த வீட்டுக்கு அது தீர்வு. வாங்க முடியாத வீட்டில்தான் நோயும் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்து, கையில் ஒரு சோதனைப் பெட்டி கொடுக்கச் சொல்கிறார்கள். சிறு குப்பியில் தண்ணீர், சில சொட்டு மருந்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது. எத்தனை கிராமத்தில் அந்தப் பெட்டி திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து இருக்கிறது அதன் மதிப்பு. ஆனாலும் எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது. இவ்வளவு காலம் நாக்கை மட்டும் நம்பிக் குடம் சுமந்தவர்களின் கையில் முதல் முறையாக நாக்குக்குத் தெரியாததைக் காட்டும் ஒன்றைக் கொடுக்கிறது.

தர்மபுரியில் இருந்தாலும் காஞ்சிபுரத்தில் இருந்தாலும், புதுசாகப் போர் போட்டவர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் சந்தோஷத்தில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஒரு வாய் குடித்துப் பார்த்து "நல்ல தண்ணி" என்று சொல்லுங்கள், தப்பில்லை. அதோடு ஒரு பாட்டிலில் பிடித்து, மாவட்டத்துக் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்துக்கும் கொண்டுபோங்கள். அறிக்கையில் ஃப்ளோரைடு என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்திலேயே கால்சியம் என்ற வரியும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.